என் தோளைப் பற்றி அவர்கள் பேசியது

தோளில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்ன அந்த நிமிடமே அம்மா சரி என்றாள். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்துவிட்டது. ஒரு துடைப்பம் வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறவள் அவள். அப்படிப்பட்டவள் பெற்ற மகளின் தோளில் கத்தி வைக்க மறுபேச்சு பேசாமல் தலையாட்டுகிறாள் என்றால் என்ன அர்த்தம்? உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நான் சந்தேகப் பிராணிதான், ஒத்துக்கொள்கிறேன். கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீன் விற்கிறவள் வயிற்றில் பிறந்து வேறு எப்படி இருப்பேன்? அம்மாவின் கூடையைப் பார்த்ததும் வருகிறவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தாலும் நம்ப மாட்டார்கள், சாயமா என்று விரலால் தேய்ப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் நான். மனிதர்களிடமும் எனக்கு அதே கைப்பழக்கம்.

அப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளிலிருந்து காலையில் கிளம்பி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன். படிப்புக்காகப் போனேன் என்று சொன்னால் என் டீச்சர்களே சிரிப்பார்கள். கபடிக்காகத்தான் போனேன். கல்லூரி அணியில் நான் இடது கார்னர். எதிரணிப் பெண் பாடிக்கொண்டு நம் பக்கம் வருவாள். நாங்கள் கையோடு கை கோத்து வளைத்து நிற்போம். ஓரத்தில் நிற்பவள்தான் கார்னர். வந்தவள் கொஞ்சம் அசந்தால் அவள் காலில் பாய்ந்து விழுந்து, மூச்சு அறும்வரை அவளை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது அவள் வேலை. என் இடது கைதான் முதலில் போகும். அந்தக் கையில் ஒரு காலைப் பிடித்துவிட்டால் எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

அந்தக் கைதான் போயிற்று. இரண்டாயிரத்து ஏழில், வேறொரு கல்லூரியோடு ஆடிய ஆட்டத்தில், ஒரு தடித்த பெண்ணின் முழங்காலை வளைத்துப் பிடித்தேன். அவள் நடுக்கோட்டைப் பார்த்து எகிறினாள். என் உடம்பு இருந்த இடத்தில் இருந்தது, கை மட்டும் அவளோடு போனது. தோளுக்கு முன்னால், இருக்கக்கூடாத இடத்தில், ஒரு உருண்டை துருத்திக்கொண்டு நின்றது. நான் போட்ட கத்தலில் ஆட்டமே நின்றுவிட்டது. யாரோ கையை இழுத்துத் திருப்பி உள்ளே தள்ளினார்கள். அந்த நிமிடமே வலி போய்விட்டது. அட, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

இவ்வளவுதான் இல்லை. நாட்டு வைத்தியரிடம் போய் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு வந்தோம். கட்டு அவிழ்த்துக் கொஞ்ச நாளில் மறுபடி கழண்டது. பிறகு அதற்கு ஆட்டம்கூடத் தேவைப்படவில்லை. கொடியில் பாவாடை போடக் கையைத் தூக்கினால் கழலும். ஆலப்பாக்கத்தில் டிரைவர் பிரேக் போட்டபோது பஸ் கம்பியைப் பிடித்திருந்த கை கழண்டு, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். தூக்கத்தில் புரளவே பயமாக இருந்தது. வைத்தியரோ, கத்தி மட்டும் வைக்க விடாதே, கை சூம்பிப்போய்விடும் என்றார். கட்டுப் போட நான் திரும்பத் திரும்ப அவரிடம் வர வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறார் என்று அவரையும் சந்தேகப்பட்டேன்.

எங்கள் கல்லூரி பி.டி. மேடம்தான் சிதம்பரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். பள்ளிக்கூட மைதானத்தில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, இந்தப் பெண் வேண்டும் என்று கல்லூரிக்கு இழுத்து வந்ததும் அவர்தான். "பயப்படாம ஆபரேஷன் பண்ணிக்கோடி. எல்லாம் சரியாயிடும்" என்றார். மேடம் சொன்னால் சரி.

டாக்டரிடம் என்னோடு வந்தது அம்மாவும் மாமாவும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் ஐஸ் பேக்டரியில் வேலை. ஐ.டி.ஐ. படித்தவர், நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரியும், அதனால் ஆஸ்பத்திரி, பேங்க், தாலுகா ஆபீஸ் எல்லாவற்றுக்கும் எங்கள் தெருவுக்கே அவர்தான். அப்பா கடலுக்குப் போகிறவர், அவருக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்த அன்றைக்கே எங்கள் வீட்டில் என்னை மாமாவுக்கு என்று முடிவு கட்டியாகிவிட்டது. யாரும் என்னிடம் கேட்கவில்லை, அவரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டாக்டர் என்னைப் படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் தூக்கி, மெதுவாகப் பின்னால் திருப்பினார். தோளைப் பார்ப்பார் என்று பார்த்தால் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் பதறி, இன்னொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதா?"

"இல்ல சார். கழண்டுருமோன்னு."

"அதான் எனக்கு வேணும்" என்று கையை விட்டார்.

பிறகு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி எங்களுக்குச் சொன்னார். தோள் மூட்டு என்பது ஒரு சின்னத் தட்டின் மேல் பந்தை வைத்த மாதிரியாம். தட்டைச் சுற்றி ஒரு மெத்தென்ற விளிம்பு இருக்கும், அதுதான் பந்தை உருளாமல் தடுக்கும். எனக்கு அந்த விளிம்பு கிழிந்திருக்கிறது, கழண்டு கழண்டு தட்டின் ஓரத்தில் எலும்பும் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. இதற்கு இரண்டு வழி இருக்கிறது என்றார். சின்ன ஓட்டை போட்டு, கிழிந்ததை இழுத்து எலும்போடு தைத்துவிடலாம். இல்லாவிட்டால் தோளின் முன்பக்கத்திலிருந்து ஒரு துண்டு எலும்பைச் சதையோடு வெட்டி எடுத்து, தேய்ந்த ஓரத்தில் வைத்து ஸ்குரூ போட்டு முடுக்கலாம். வீட்டில் சாதாரணமாக இருக்கிறவர்களுக்கு முதல் வழி போதும். ஆளை ஆள் இடித்துப் பிடித்து ஆடுகிறவர்களுக்குத் தையல் மறுபடி பிய்ந்துபோகலாம், அதனால் இரண்டாவதுதான் நல்லது. இவளுக்கு இரண்டில் எதையும் செய்யலாம் என்கிற நிலையில் இருக்கிறது.

"பொண்ணு இனிமே வெளையாடுமா?" என்று கேட்டார்.

என்னைத்தான் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார் மாமா. அம்மா என் தொடையில் கிள்ளினாள். எங்கள் ஊரில் டாக்டருக்கு முன்னால் நோயாளி நாக்கைத்தான் நீட்ட வேண்டும், பேசக்கூடாது. பேசுவதற்குக் கூட வந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு என்ன ஆயிற்றோ, வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஏதோ சொல்ல, எல்லோரையும்போல நானும் தலையாட்டினேன்.

வெளியே வந்த பிறகுதான் எனக்குக் கொதித்தது. அது என்ன பாத்துக்கலாம்? யார் பார்ப்பது? எதைப் பார்ப்பது? பஸ்ஸில் மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, ஆபரேஷனுக்கு அப்பறம் நான் கபடி ஆடலாமில்ல?"

"மொதல்ல கை நல்லாவட்டும் புள்ள."

"நான் அதக் கேக்கல."

"அதான் சொல்றன், மொதல்ல கை நல்லாவட்டும்."

அம்மாவிடம் கேட்டால் அவளும் மொதல்ல என்றாள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டது தெரியாதா எனக்கு? அம்மாவுக்குக் கபடி பிடிக்காது. கையும் காலும் சிராய்ப்போடு வருகிறவளை எவன் கட்டுவான் என்று தினமும் ஒரு பாட்டுப் பாடுவாள். மாமா என் ஆட்டம் ஒன்றுக்குக்கூட வந்ததில்லை. இப்போது மட்டும் ஆபரேஷனுக்கு எதற்கு இவ்வளவு ஆசை? ஆபரேஷன் என்று சொல்லிப் படுக்கவைத்து, எழுந்திருக்கும்போது கழுத்தில் தாலியைக் கட்டிவிடலாம் என்றுதான். என் ஸ்கேன் கவரைக்கூட மாமா தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அடுத்த தடவை போனபோது டாக்டரைத் தனியாகப் பார்த்து ஏதோ பேசிவிட்டு வந்தார். என்ன பேசினாய் என்றால், "சும்மா, குளிக்கலாமான்னு கேட்டேன்" என்கிறார். யார் குளிப்பதற்காம்?

ஆபரேஷன் அன்று காலையில் பச்சைத் துணியைக் கட்டி என்னைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். குளிரில் பல் தந்தியடித்தது. டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு, எனக்குத் தைரியம் சொல்லத்தான் பேச்சுக் கொடுத்தார்.

"பயப்படாத. சின்ன ஓட்டைதான், தையல் போட்டு முடிச்சிடுவோம். கபடியத்தான் விட்டாச்சே, அடுத்து என்ன, பி.எட்.டா?"

"யாரு சார் விட்டது?"

"நீதாம்மா. இனிமே ஆடப்போறதில்லன்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னது? நான் ஆடுவேன் சார்! கட்டாயம் ஆடுவேன்!"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் என்னைப் பிடித்து அமுக்கினாள். டாக்டர் கையுறையைக் கழற்றினார். "அன்னைக்கு நீயும் தலையாட்டினியேம்மா" என்றார். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. ஆடுகிறதாக இருந்தால் இது வேறு ஆபரேஷன், அதற்கான ஸ்குரூ வர வேண்டும், இன்றைக்கு வேண்டாம், வாரக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். எடுத்த கத்தியைத் திரும்ப உள்ளே வைத்தார்கள், என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வெளியே அம்மா, வடலூரிலிருந்து கொண்டுவந்த விபூதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் முடிந்துவிட்டதா என்று அவள் கேட்டதைக்கூட நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக மாமாவைப் பிடித்தேன்.

"நீதான சொன்ன? நான் ஆடமாட்டேன்னு டாக்டர்கிட்ட நீதான சொன்ன?"

"நான் இன்னாத்த சொன்னேன்?"

"நடிக்காத மாமா! தனியாப் போயிப் பேசினியே, இதத்தான பேசின? உனக்கு வீட்டுல சோறாக்க ஆளு வேணும்னா வேற எங்கயாவது பாரு. நான் உன்னக் கட்டிக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்!"

வராந்தா முழுக்க ஆள். கட்டுப் போட்ட காலோடு இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அம்மா, "ஏய், கம்முனு கெட! மானத்த வாங்காத!" என்று என் வாயைப் பொத்த வந்தாள். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "சத்தியமா நான் சொல்லல புள்ள" என்றார். டீ வாங்கி வந்த பிளாஸ்கை என் கட்டில் அருகே வைத்துவிட்டுப் போனவர்தான், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் வரவில்லை என்று எனக்கு இன்னும் உறுதியாயிற்று.

வாரக் கடைசியில் எலும்பை வெட்டி வைத்து ஸ்குரூ முடுக்கினார்கள். கையைக் கழுத்தோடு பட்டை போட்டுத் தொங்கவிட்டு வீட்டுக்கு வந்தேன். குளிப்பாட்டி, தலை வாரி, ஜாக்கெட் ஊக்கு மாட்டிவிடுவது எல்லாம் அம்மாதான். மீன் விற்றுவிட்டு வந்த கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு உட்காருவாள். ஒருநாள் சடை பின்னும்போது சொன்னாள்.

"அவன் சொல்லலங்கறான்டி. சாமி மேல சத்தியம் பண்றான்."

"அப்ப நீ சொன்னியா?"

சீப்பை நிறுத்திவிட்டாள். "எனக்குக் கபடி புடிக்காது. அத ஒன் மூஞ்சிக்கு நேராத்தான் தெனைக்கும் சொல்றேனே! டாக்டர் காதுல போயி இன்னாத்துக்குடி ரகசியமா சொல்லணும்? எனக்கு யாரு பயம்?"

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் நம்பவில்லை. ஆபரேஷனுக்கு ஏன் உடனே சரி என்றாய் என்று கேட்டேன். நான் தூக்கத்தில் கை கழண்டு அலறியபோதெல்லாம் தனக்கு ஈரக்குலையே நடுங்கியது, அது நின்றால் போதும் என்று இருந்தது என்றாள். அதையும் பாதிதான் நம்பினேன். மாமாவுக்கு அந்தத் தை மாதமே பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து முடித்தார்கள். பட்டை கட்டிய கையோடு கல்யாணத்துக்குப் போய், ஒற்றைக் கையால் சாப்பிட்டுவிட்டு வந்தேன். எப்படியும் நான் அவரைக் கட்டியிருக்க மாட்டேன்.

பட்டையைக் கழற்றியபோது கை முருங்கைக் குச்சி மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி சுவரில் விரலால் நடந்து நடந்து கையை மேலே ஏற்றினேன். ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி இழுத்தேன். மணல் நிரப்பிய பாட்டிலைத் தூக்கினேன். இடையில் மேடத்தைப் பார்க்கப் போனால், "அவசரப்படாத, ரெஸ்ட் எடு" என்பார். என்மேல் எவ்வளவு அக்கறை என்று உருகிக்கொண்டு திரும்புவேன்.

அரை வருஷம் கழித்து டாக்டரைப் பார்க்க அம்மாவோடு போனேன். அவர் என் கையைத் தூக்கினார், பின்னால் திருப்பினார், அமுக்கினார், என்னைச் சுவரில் கை ஊன்றித் தள்ளச் சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக ஒட்டியிருந்தது. "நல்லாயிருக்கு. இனிமே தாராளமா ஆடலாம்" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"உங்க பி.டி. மேடத்துக்கிட்ட நானே போன்ல சொல்லிடறேன். அவுங்கதான் நீங்க மொத தடவ வந்துட்டுப் போனதும், 'இந்தப் பொண்ணு இனிமே ஆடாது டாக்டர், அதோட எடத்துல வேற ஆள் போட்டாச்சு, சாதாரணமாத் தச்சு விட்டுடுங்க'ன்னு சொன்னாங்க."

 ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரின் செவுளையும் தூக்கிப் பார்த்தேன். அந்த ஒரு ஆளை மட்டும் நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "கெளம்பு" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து நேராகக் கல்லூரி மைதானத்துக்குப் போனோம். பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் இடத்தில் முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி நின்றாள். மேடம் விசிலோடு கோட்டோரம் நின்றிருந்தார்.

"மேடம், நான் ஆடமாட்டேன்னு டாக்டர்கிட்ட நீங்க சொன்னீங்களா?"

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன் என்பதுதான் நிஜம்.

"ஆமா சொன்னேன். தோள் கழண்ட பொண்ணுங்க எத்தன பேரப் பாத்திருப்பேன். வருவாங்க, ஒரு மேட்ச் ஆடுவாங்க, மறுபடி கழலும். உன்ன நம்பி நான் டீம எறக்க முடியாது. உன் நல்லதுக்குந்தான் சொன்னேன்."

"அப்ப ஆபரேஷன் பண்ணிக்கோன்னு ஏன் மேடம் சொன்னீங்க?"

"ஆபரேஷன்னு படுக்க வைக்காம வேற எப்படி உன்ன நிறுத்தறது? சும்மா நிறுத்திக்கோன்னா கேட்டிருப்பியா நீ?"

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மேடம் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் தான் நினைத்ததை அப்படியே சொன்னார். என்னை வெறுங்காலோடு கண்டுபிடித்த அதே கண்தான் என்னை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறது. பெண்கள் எல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று அம்மாவின் கையைப் பிடித்தேன்.

அம்மா கையை உதறினாள். பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இந்தாம்மா டீச்சரு. எம் பொண்ணு எலும்ப அறுத்து ஆணி வச்சிக்கிட்டு வந்து நிக்கறா. அவ ஆடறதா வேணாமான்னு நீ எப்படி டாக்டர்கிட்ட சொல்லுவ? பெத்தவ நானே சொல்லல! எறக்கிப் பாரு. கழண்டுச்சின்னா நான் தூக்கிக்கிட்டுப் போறேன், திரும்ப இந்தப் பக்கமே அனுப்ப மாட்டேன்."

"அம்மா, அப்படியெல்லாம் திடீர்னு…"

"எறங்குடி நீ!" என்றாள் என்னைப் பார்த்து.

அப்போதும் என் புத்தி போகுமா? நான் கழண்டு விழுந்தால் கபடியை அத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இறங்கச் சொல்கிறாளோ என்று ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றினேன், துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன். முதல் வருஷத்துப் பெண் எனக்கு இடம் விட்டு ஒதுங்கினாள். மேடம் விசில் ஊதவில்லை, தடுக்கவும் இல்லை.

அணியிலேயே வேகமான ரைடர் பாடிக்கொண்டு வந்தாள். அவளுக்கு என் தோள் தெரியும், அதனால் நேராக என் பக்கமே வந்தாள். காலை நீட்டி என்னைச் சீண்டினாள். இடது கை போக மறுத்தது. இரண்டாவது தடவை நீட்டினாள். பாய்ந்தேன். முழங்காலுக்குக் கீழே அவள் கால் என் கைக்குள் இருந்தது. அவள் நடுக்கோட்டைப் பார்த்து எகிறினாள், தோளுக்குள் ஏதோ இழுத்தது, எனக்கு உயிரே போய்விட்டது போல இருந்தது. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கோட்டுக்கு வெளியிலிருந்து, துறைமுகத்தில் ஏலம் கேட்கிற அதே தொண்டையில் அம்மா கத்தினாள்.

"விடாதடி! புடிய விடாத!"